மூக்கம்மாவே ஒண்ணும் சொல்லலையே

மூன்று பை நிறையச் சுத்தமான துண்டு போனால் மூன்று பை நிறைய அழுக்குத் துண்டு திரும்பி வரும். நான்கு வருஷமாக இதுதான் நடைமுறை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும், முந்தின நாள் துவைத்து மடித்துக் கொடுத்த துண்டுகள் மடிப்புக் கலையாமல் மேசைமேல் அப்படியே இருந்தன. பிசியோதெரபி டாக்டரம்மா அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். யாராவது இப்படி ஆரம்பித்தால், தப்பாக எடுத்துக்கொள்ள ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "நேத்து ஒருத்தர் முதுகுவலின்னு வந்தார். குப்புறப் படுக்க வச்சேன். முகம் வைக்கிற இடத்துல உங்க துண்டுதான். ரெண்டு நிமிஷம் ஆகல, எழுந்து உட்கார்ந்துட்டார். முதுகுவலியக்கூடப் பொறுத்துக்குவேன், இதை முடியாது டாக்டர்னுட்டார்."

மூக்கம்மா ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். முகர்ந்து பார்ப்பது மாதிரி நடித்தாள் என்று சொல்வதுதான் நியாயம்.

"பூசண வாடை," என்றார் டாக்டரம்மா. "மேலே பூ வாசனை, அடியில பூசணம். இந்த ஒரு துண்டு மட்டும் இல்ல, எல்லாத்துலயும். அடுத்த வெள்ளி வரைக்கும் பார்ப்போம். சரியாகலேன்னா நான் வேற ஏற்பாடு பண்ணித்தான் ஆகணும். முகத்துல படுற துணி இல்லையா?"

மூக்கம்மா தலையை ஆட்டிவிட்டு மூன்று பையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இந்த வேலை யாரும் அவளுக்குப் பார்த்துக் கொடுத்ததல்ல. முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், "இந்தத் துண்டுகளை யார் துவைக்கிறாங்க? சோப்பு சரியா அலசலையே, வாடை வருதே" என்று வாயைக் கொடுத்து, மறுநாளே வேலையோடு திரும்பி வந்தவள் அவள். டாக்டரம்மாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவளுடைய போன் நம்பர், பக்கத்தில் 'துண்டு' என்ற ஒரே வார்த்தையோடு, நான்கு வருஷமாக இருக்கிறது. மூக்கால் வந்த வேலை. இப்போது மூக்காலேயே போகப் பார்க்கிறது.

அவளுக்கு மூக்கம்மா என்று பேர் வைத்தது நாத்தனார். கல்யாணமாகி வந்த நாலாம் நாள், ஹாலில் உட்கார்ந்து பை தைத்துக்கொண்டிருந்த புதுப்பெண் சட்டென்று தலையைத் தூக்கி, "அண்ணி, கேஸ் கசியுது" என்றாள். யாருக்கும் ஒரு வாடையும் தெரியவில்லை. சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால், அடுப்புக் குழாய் மாட்டியிருந்த இடத்தில் பொட்டுப் பொட்டாகக் குமிழ் விட்டது. அன்றைக்கு நாத்தனார், "இது மூக்கா இல்ல வேற ஏதாவதா?" என்று அவள் முகவாயைப் பிடித்துப் பார்த்தார். அதோடு சொந்தப் பேர் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ரேஷன் அட்டையிலும் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் தங்கள் மூக்கைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பால் கெட்டுவிட்டதா, மூக்கம்மாவைக் கேள். இந்தச் சட்டையை இன்னொரு நாள் போடலாமா, மூக்கம்மாவைக் கேள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் நாத்தனார், வேனில் எந்தப் பிள்ளை எந்த சீட்டுக்கு அடியில் வாழைப்பழத்தை ஒளித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக்கூட இவளைத்தான் கீழே கூப்பிடுவார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

காப்பியை முகர்ந்தால் சூடு மட்டும் தெரிந்தது. சாப்பாட்டில் உப்பும் காரமும் புளிப்பும் தெரிந்தன, மற்றதெல்லாம் எங்கேயோ தொலைந்துவிட்டது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லாமல் இருந்தாள். இரண்டு வாரம் ஆனதும், இப்போது போய் எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். இரண்டு மாதம் ஆனதும் அது பொய்யாகவே ஆகிவிட்டது. மூக்கு இல்லாதவளை இந்த வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

எப்படியோ சமாளித்தாள். பால் பாக்கெட்டின் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டாள். அடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கெட்டதா நல்லதா என்று தீர்ப்புச் சொன்னாள். துவைத்த துணி வாசனையாக இருக்கிறதா என்று மட்டும் யார் முகத்தையும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சோப்புத் திரவத்தை இரண்டு மூடி ஊற்றினாள், துணிக்கு வாசனை தரும் சாஃப்ட்னரை மூன்று மூடி ஊற்றினாள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரச் சலவை. எடுத்து உலர்த்த நேரமில்லாத நாளில் ஈரத் துண்டு வாஷிங் மெஷினுக்குள்ளேயே அரைநாள் கிடக்கும். போதாக்குறைக்கு நாத்தனார், போகும்போதும் வரும்போதும் மெஷின் கதவைச் சாத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். "பார்க்கச் சகிக்கலை. வாயைப் பொளந்துகிட்டு நிக்குது" என்பார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டை நாத்தனாரிடம் நீட்டி, "அண்ணி, இது எப்படி இருக்கு?" என்று போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

நாத்தனார் முகர்ந்தார். ஒரு கணம் புருவம் சுருங்கியது. பிறகு துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "என்னைக் கேட்டா? நீதானே சொல்லணும்."

மறுநாள் சனிக்கிழமை. வீட்டுக்காரர் காலையிலேயே தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டார். நாத்தனார் கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பதினோரு வயது மகள், வீட்டில் எல்லாருக்கும் வாண்டு, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையின் வாசற்படியில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தது. மெஷின் இருப்பது அந்த அறையில்தான். ஒரு ஆள் குனிந்தால் இன்னொரு ஆள் நிமிர முடியாது, அவ்வளவு இடம்.

மூக்கம்மா கையில் இரண்டு பாட்டில். ஒன்று ப்ளீச், ஒன்று வினிகர். பூசணத்துக்கு ப்ளீச் நல்லது என்று ஒருத்தி சொல்லியிருந்தாள். வினிகர் நல்லது என்று இன்னொருத்தி. இரண்டும் நல்லதென்றால் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே? மெஷினுக்குள் ப்ளீச்சைத் தாராளமாக ஊற்றினாள், அதன்மேல் வினிகரையும் ஊற்றினாள். ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும் என்று ப்ளீச் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? மூக்கு இருக்கிறவர்களுக்குப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் மூச்சிலேயே மூக்கு அவர்களைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

அவள் கண் எரிந்தது. ப்ளீச் என்றால் எரியத்தானே செய்யும் என்று தலையை உள்ளே விட்டுத் துணியால் தேய்த்தாள்.

"அம்மா, தொண்டை கரகரங்குது," என்றது வாண்டு.

"தண்ணி குடி."

வாண்டு இருமியது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. அம்மாவைப் பார்த்தது. அம்மா பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். வாண்டு திரும்பக் குனிந்து எழுத ஆரம்பித்தது.

வாளி எடுக்க மேலே வந்த நாத்தனார்தான் சமையலறைக் கதவருகிலேயே கத்தினார். "என்னடி இது! வெளியே வாங்க! ரெண்டு பேரும் வெளியே வாங்க!" வாண்டை ஒரு கையாலும் மூக்கம்மாவை ஒரு கையாலும் இழுத்து வாசல் மாடிப்படியில் கொண்டுவந்து உட்கார வைத்தார். முகத்தைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு திரும்ப உள்ளே ஓடி, ஜன்னல்களையெல்லாம் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே வந்தார். வாண்டின் கண்ணில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார். கால்மணி நேரத்தில் இருமல் அடங்கியது. கண் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது.

"இவ்வளவு நெடி அடிக்குது, எழுந்து வரணும்னு தோணலையா உனக்கு?" என்று வாண்டை அதட்டினார்.

"ஆரம்பத்துலேயே ஒரு மாதிரிதான் இருந்துச்சு அத்தை," என்றது வாண்டு. "ஆனா அம்மாவே ஒண்ணும் சொல்லலையே. அப்ப ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன்."

மூக்கம்மாவுக்குத் துண்டு, டாக்டரம்மா, வெள்ளிக்கிழமை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. குழந்தை தன் மூக்கைவிட இவள் மூக்கை நம்பி அந்த நெடியில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"எனக்கு வாசனையே தெரியாது அண்ணி," என்றாள். "எட்டு மாசமா. அந்தக் காய்ச்சல்லேர்ந்து. நல்லது கெட்டது எதுவும் தெரியாது."

நாத்தனார் அவளையே பார்த்தார். "எட்டு மாசமாவா? உன்னை நம்பித்தானே இந்த வீட்டுல எல்லாரும் நிம்மதியாத் தூங்கறோம்? கேஸ் கசிஞ்சிருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

மூக்கம்மா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நாத்தனாருக்குக் கோபம் குறையவில்லை. ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டே திட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். மனுஷன் எழுந்து போய், தன் பைக்குள்ளிருந்து ஒரு சென்ட் பாட்டிலை எடுத்து வந்து வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"மூணு மாசமாக் கடைக்குப் போனதும் அடிச்சுக்கறேன். சட்டையில ஒரு வாடை. நீ ஒண்ணும் சொல்லலை. அப்ப துணி சரியாத்தான் இருக்கு, நான்தான் நாறுறேன்னு நினைச்சேன். ரெண்டு வேளை குளிக்கிறேன் தெரியுமா? கண்ணாடி மாட்டிவிடுறப்ப கஸ்டமர் முகத்துக்கிட்ட போகவே கூச்சமா இருக்கு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். "நானும் அப்படித்தாண்டா நினைச்சேன். வயசாகுது, உடம்பு வாடை மாறிப்போச்சுன்னு."

"நான் ஸ்கூல்ல கடைசி பெஞ்சுக்கு மாறிட்டேன்," என்றது வாண்டு.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மெஷினில் துவைத்த துணியைப் போட்டுக்கொண்டு, ஆளாளுக்குத் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரே வீட்டில் வளைய வந்திருக்கிறார்கள். முதலில் சிரித்தது வாண்டுதான். அப்புறம் வீட்டுக்காரர். மூக்கம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் களத்தில் இறங்கினார்கள். மெஷினோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நான்கு வருஷமாக பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக இருந்தது. நாத்தனார் அதைப் பிரித்து, வேனில் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் குரலில் வாசித்தார். "ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் கதவைச் சற்றுத் திறந்து..." குரல் கொஞ்சம் இறங்கியது. "...திறந்து வைக்கவும்."

"அத்தை, இன்னொரு தடவை சத்தமாப் படிங்க," என்றது வாண்டு.

"அதான் படிச்சாச்சே. அடுத்ததுக்குப் போ."

முதலில் வெறும் தண்ணீரை இரண்டு தடவை ஓடவிட்டு, மிச்சமிருந்த ப்ளீச்சையும் வினிகரையும் கழுவி வெளியேற்றினார்கள். பிறகு வீட்டுக்காரர் கடையிலிருந்து எப்போதோ கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் பிரித்தால், உள்ளே கறுப்புக் கறுப்பாகப் பொட்டு, அடியில் சளி மாதிரி வழவழப்பு. அதற்குள் ஒரு ஹேர்பின், ஒரு சட்டைப் பொத்தான், அரைச்சாண் நீளம் பாண்டேஜ் துணி. லென்ஸ் துடைத்துத் துடைத்துப் பழகிய கை அது. சோப்புத் துணியைக் குச்சியில் சுற்றிக்கொண்டு ஒரு மடிப்பு விடாமல் துடைத்தார். சோப்பு ஊற்றும் தட்டை வாண்டு உருவி எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தது. மூன்று மூடி சாஃப்ட்னர் எங்கே போயிற்று என்பது அப்போதுதான் தெரிந்தது. பாதி அங்கேயே தங்கி, கெட்டிப்பட்டுக் கறுத்துப் போயிருந்தது.

கீழே ஒரு சின்னக் கதவு. அதற்குள் திருகி எடுக்கிற வடிகட்டி. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நாத்தனார் கீழே ஒரு தட்டை வைத்துவிட்டு, வேனுக்கு ஆயில் மாற்றுகிற தோரணையில் திருகினார். சாம்பல் நிறத் தண்ணீரும் கூழும் கொட்டியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூக்கம்மா மட்டும் திருப்பவில்லை. அந்தக் கூழைக் கையால் வழித்து எடுத்துக் கொட்டியவள் அவள்தான். "இதுக்காவது இந்த மூக்கு உதவுதே" என்றாள். அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில், உள்ளே ஒரு துணிகூட இல்லாமல், சலவைச் சோடாவை மட்டும் போட்டு, இருக்கிறதிலேயே அதிகச் சூட்டில் மெஷினை ஓடவிட்டார்கள். முடிந்ததும் ரப்பரை ஈரமில்லாமல் துடைத்து, கதவை ஒரு சாண் திறந்து வைத்தார்கள். நாத்தனாரின் கை இரண்டு தடவை அதைச் சாத்தப் போய்ப் பாதியில் திரும்பி வந்தது.

அந்த வாரம் முழுக்கத் துண்டுகளை வெந்நீரில் துவைத்தாள். சோப்பு அரை மூடி, சாஃப்ட்னர் அறவே இல்லை. மெஷின் நின்ற மறுநிமிஷம் எடுத்து வெயிலில் போட்டாள். மூன்று நீதிபதிகள் வரிசையாக உட்கார்ந்து முகர்ந்தார்கள். வாண்டு ஒவ்வொரு துண்டுக்கும் மார்க் போட்டது. நாத்தனார் கறார். "மூணு பேரும் சரின்னாத்தான் சரி" என்று ஆறு துண்டுகளைத் திருப்பியடித்தார். ஒன்று மட்டும் மூக்கம்மாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு வீட்டில் ஒருவரும் அவளை மூக்கம்மா என்று கூப்பிடவில்லை. புண்படுவாளோ என்று நாத்தனார் "இந்தாம்மா" என்றார், "கேளு" என்றார், பேரைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா துண்டை முகர்ந்து பார்த்தார். அத்தோடு விடவில்லை. நோயாளிகள் படுக்கிற மேசையில் அதை விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தானே ஏறிக் குப்புறப் படுத்தார். முகம் துண்டுக்குள் புதைந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. மூக்கம்மாவுக்குப் பையின் காதைத் திருகித் திருகிக் கையில் தடம் பதிந்துவிட்டது.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "தூக்கம் வருதுங்க."

மூக்கம்மா பையின் காதை விட்டாள். ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது. மூக்கு போனதையும், அதை மறைத்ததையும், இனிமேல் துண்டுக்கு வீட்டில் மூன்று பேர் மூக்குத்தான் பொறுப்பு என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். இதைக் கேட்டு வேலை போனாலும் போகட்டும், இன்னொரு தடவை மறைக்க அவளால் முடியாது.

டாக்டரம்மா எழுந்து உட்கார்ந்தார். "இதை ஏன் மறைச்சீங்க? காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க, சீட்டு எழுதித் தர்றேன். காய்ச்சலுக்கு அப்புறம் இப்படி ஆகறது உண்டு. மூக்குக்கும் பயிற்சி இருக்கு, முழங்காலுக்குக் கொடுத்தோமே அந்த மாதிரி. தெரிஞ்ச வாசனை நாலு எடுத்துக்கிட்டு தினம் ரெண்டு வேளை முகர்ந்து பாருங்க. வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நிறையப் பேருக்கு வந்திருக்கு." பிறகு அழுக்குத் துண்டுப் பைகளை அவள் பக்கம் தள்ளினார். "திங்கக்கிழமை பார்ப்போம்."

அன்றிலிருந்து காலையும் மாலையும் வாண்டு நான்கு டப்பாக்களோடு வந்து நிற்கும். எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், கிராம்பு, குளிக்கிற சோப்பு. கண்ணை மூடு, முகர்ந்து பார், சொல். ஏழு வாரம் அவள் சொன்ன பதில் "ஒண்ணும் இல்லை" என்பதுதான். வாண்டு ஒரு நாளும் மார்க் குறைத்ததில்லை. "பரவால்ல, நாளைக்கு" என்று மூடியைப் போட்டுவிடும்.

எட்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல ரப்பர் வளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அண்ணி, ஏதோ நாறுது."

நாத்தனார் வந்து முகர்ந்தார். வீட்டுக்காரர் வந்து முகர்ந்தார். வாண்டு மெஷினுக்குள் தலையை விட்டே முகர்ந்தது. "இல்லையேம்மா. பத்துக்குப் பத்து."

மூன்று பேரும் இல்லை என்றால் இல்லை. அதுதான் இப்போது வீட்டுச் சட்டம், அவளே ஒப்புக்கொண்ட சட்டம். ஆசையில் தோன்றியிருக்கும் என்று திரும்பக் குனிந்தாள். குனிந்தால் மறுபடி வந்தது. மெல்லிசாக, புளித்த மாதிரி, அழுக்கு ஈரம் மாதிரி. இடது பக்கம் நகர்ந்தால் கூடியது, வலது பக்கம் நகர்ந்தால் குறைந்தது.

"இல்லைங்க, இருக்கு," என்றாள். "மெஷின்ல இல்ல. பின்னாடி, இந்த மூலையில. நகர்த்துங்க."

வீட்டுக்காரரும் நாத்தனாரும் முக்கி முனகி மெஷினை ஒரு முழம் இழுத்தார்கள். வாண்டு சுவரோரமாகக் கையை விட்டு, தண்ணீர்க் குழாய்க்கு அடியிலிருந்து எதையோ இழுத்தது. விறைத்துப்போய், ஓரத்தில் கறுப்புப் பூத்த ஒரு சாக்ஸ்.

"ஐயே, நான் தொலைச்ச சாக்ஸ்!" என்று வாண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டது.

நாத்தனார் சாக்ஸைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். எட்டு வாரமாகத் தொடாத பேர் தானாக வாயிலிருந்து வந்துவிட்டது. "அடி மூக்கம்மா!"

குப்பைக் கூடையை நோக்கிப் போன வாண்டின் கையைப் பாய்ந்து பிடித்தாள் மூக்கம்மா. சாக்ஸை வாங்கி இரண்டு கையாலும் மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"போதும் கொடுடி," என்றார் நாத்தனார், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. "அது சாக்ஸ்டி."

"இருங்க அண்ணி," என்றாள் மூக்கம்மா. "இன்னும் ஒரே ஒரு தடவை."